ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளி

கடல் சூழ்ந்த நிலத்திற் பிறந்தார்க்குக் கடல் வேலியும் ஆகும், வழியும் ஆகும். வேலியென்று கொண்டவர் கரையிலே நிற்பர். வழியென்று கொண்டவர் கலம் ஏறுவர். நம் முன்னோர் அதனை வழியென்றே கொண்டனர். நயினாதீவிலே, நாகபூஷணி அம்மன் கோயிலில், ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்தது அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; பிற சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி. கலம் உடைவதற்கும் சட்டம் வகுத்திருந்த கரை நம்முடைய கரை. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

இக்காலத்தில் இக்கரைக்கு வேறுவகைக் கப்பலும் வந்ததுண்டு. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்னும் உல்லாசப் பயணக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைகளோடு நமது காங்கேசன்துறையையும் தன் வழியிற் சேர்த்துக்கொண்டது. பல தட்டுகள், தனித்தனி அறைகள், உணவு மண்டபங்கள், நீச்சற் குளம். பயணிகள் கரையில் இறங்குகின்றனர். சில மணி நேரம் ஊர் பார்க்கின்றனர். மாலையிலே தத்தம் அறைக்கு மீள்கின்றனர். பழம்பெருந் தீவுகளையும் துறைமுக நகரங்களையும் படுக்கையை விட்டு நீங்காமலே சுற்றிவர வழிசெய்வதே இத்தகைய கப்பல்களின் தொழில். இதனைக் குறைகூறுவார் உளர். யான் குறைகூறேன். வசதியை விரும்புதல் மனித இயல்பு. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. பயணம் முடிந்தபின் பயணிக்கு மிஞ்சுவது யாது?

இவ்வினாவுக்கு விடை சொல்லத்தக்க ஒருவர் 14ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்தார். சிறந்த கப்பலையும் சிறந்த அறையையும் அவர் விரும்பினார். அக்கப்பலையும் இழந்தார், வேறு பலவற்றையும் இழந்தார். இழந்த நிலையிலே நமது ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாய் வந்து அமர்ந்தார். அவர்தாம் இபுனு பதூதா. பாடசாலை வரலாற்று வகுப்பிலே தில்லிச் சுல்தான்களைப் படிக்கும் மாணவர் அவர் பெயரை மனனஞ் செய்கின்றனர். அவர் நம் மன்னனோடு அருகிருந்து உரையாடியவர் என்பதை அவர்களுட் பலர் அறியார். ஆதலின் அவர் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஆபிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலே, ஐரோப்பாவை எதிர்நோக்கி நிற்பது தாஞ்சியர் என்னும் துறைமுக நகரம். இன்று மொறொக்கோ நாட்டைச் சேர்ந்தது. அந்நகரிலே, 1304ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இசுலாமிய நீதிநூல் கற்ற குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். காதி என்னும் நீதிபதிப் பதவி அக்குடும்பத்துக்கு உரிமைபோல் வந்த பதவி. அவரும் அந்நூல்களையே கற்றார். 1325ஆம் ஆண்டு யூன் மாதத்தில், 21ஆம் வயதில், மக்காவுக்கு யாத்திரை செய்யும் எண்ணத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயும் தந்தையும் அப்போது உயிரோடிருந்தனர். உடன் வருவார் ஒருவரும் இலர். ஓரிரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்றே எவரும் எண்ணியிருப்பர். அவர் திரும்பியது 24 ஆண்டுகள் கழிந்தபின்.

வட ஆபிரிக்கக் கரை வழியாக அலெக்சாந்திரியாவை அடைந்தார். பழைய உலகின் அதிசயங்களுள் ஒன்றான கலங்கரை விளக்கம் அங்கே பாதி இடிந்து நின்றதைக் கண்டார். கெய்ரோ, தமாஸ்கஸ், மதீனா என்னும் நகரங்களைக் கண்டு மக்காவை அடைந்தார். வந்த காரியம் நிறைவேறியது. ஆனால் கால்கள் வீட்டை நோக்கவில்லை. ஈராக்கும் பாரசீகமும் சுற்றினார். மீண்டும் மக்காவில் தங்கினார். பின்பு ஏடன் துறையிலிருந்து கலமேறி, ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலே மொகதீசு, மொம்பாசா, கில்வா ஆகிய துறைகளைக் கண்டார். துருக்கரின் நாடுகளையும் கருங்கடலையும் கடந்து கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரையும் பார்த்தார். நடு ஆசியாவின் புல்வெளிகளைத் தாண்டி 1333ஆம் ஆண்டிற் சிந்துநதிக் கரையை அடைந்தார்.

தில்லியை அப்போது ஆண்டவன் முகம்மது பின் துக்ளக். கற்றவன், கொடைவள்ளல், கொடியவன். இம்மூன்றும் ஒருவனிடத்தே கூடியிருந்தன. வெளிநாட்டு அறிஞரைப் பெரிதும் மதித்த அவ்வரசன் நம் பயணியைத் தில்லிக்குக் காதியாக நியமித்தான். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் செல்வமும் அச்சமும் கலந்த வாழ்க்கை. ஒருகால் அரசனின் சினத்துக்கு ஆளாகி, உயிர் தப்பினாற் போதும் என்று துறவுக்கோலமும் பூண்டார். அந்நிலையிலே அரசன் அவரை மீண்டும் அழைத்தான். சீனப் பேரரசனிடத்துத் தூதுவராகச் செல்லுமாறு பணித்தான். பயணத்தில் இவருக்குள்ள ஆசையை அவன் அறிந்திருந்தான். ஏராளமான பரிசுப் பொருள்களோடு இவர் புறப்பட்டார். தில்லியிலிருந்து நெடுந்தூரம் போகுமுன்னே கள்வர் கையில் அகப்பட்டு, உடுத்த உடையோடு தப்பினார். எனினும் தூது நிற்கவில்லை. குசராத்துக் கரையிலே கலமேறி, கோவா, மங்களூர் வழியாகக் கள்ளிக்கோட்டையை அடைந்தார்.

கள்ளிக்கோட்டைத் துறையிலே அப்போது 13 சீனக் கப்பல்கள் நின்றன. அவற்றைப்பற்றி அவர் கூறுவன இன்றைய உல்லாசக் கப்பலைக் கண்டோரையும் வியக்கச் செய்யும். பெருங்கலம் ஒன்றிற்குப் பன்னிரண்டு வரை பாய்கள். மூங்கிற் பிளாச்சுக்களாற் பாய்போலப் பின்னப்பட்டவை. ஒரு கலத்தில் 1,000 பேர். 600 பேர் மாலுமிகள், 400 பேர் போர்வீரர். நான்கு தட்டுகள். வணிகர் தங்குதற்கு அறைகளும் கூடங்களும். அறையோடு சேர்ந்த கழிப்பிடம், அறைக்குத் திறப்பு, உள்ளே இருப்பவர் யாரென்று பிறர் அறியாதவாறு நெடுநாள் இருக்கலாம். மாலுமிகள் மனைவி மக்களோடு அங்கேயே வாழ்ந்தனர். மரத்தொட்டிகளிலே கீரையும் இஞ்சியும் பயிரிட்டனர். மிதக்கும் ஊர் என்றே சொல்லலாம்.

பயணி அவற்றுள் ஒரு கலத்திலே தமக்குக் கழிப்பிடத்தோடு கூடிய நல்ல அறை வேண்டும் என்றார். சீன வணிகர் போகவும் மீளவும் அவ்வறைகளை முன்னரே பிடித்துவிட்டனர். கிடைத்த அறையோ அவ்வசதி இல்லாதது. பொருட்களோடு அதிற் புகுந்து பார்த்தார், மனம் ஒப்பவில்லை. ககம் எனப்பட்ட சிறிய கலமொன்றிலே வேண்டிய அறை கிடைத்தது. தம் உடைமைகளையும், தம்மோடிருந்த ஆட்களையும், அடிமைப் பெண்களையும் அதற்கு மாற்றினார். தாம் மாத்திரம் வெள்ளிக்கிழமைத் தொழுகையின் பொருட்டுக் கரையில் தங்கினார்.

அதன்பின் கடல் கொந்தளித்தது. இரவிலே புயல் எழுந்தது. அரசனின் பரிசுப் பொருள்கள் ஏற்றிய பெருங்கலம் கரையில் மோதி உடைந்தது. அதிலிருந்த தூதுக் குழுவினர் இறந்தனர். அதனைக் கண்ட சிறிய கலத்தின் மாலுமிகள் பாய் விரித்து ஆழ்கடலை நோக்கி ஓடிவிட்டனர். பயணி கரையில் நின்று பார்த்தார். அவர் கையில் எஞ்சியவை பத்துப் பொற்காசும், படுத்திருந்த ஒரு விரிப்பும். உடனிருந்த ஒரே ஓர் அடிமையும் அவரை விட்டு நீங்கினான். அச்சிறிய கலம் சுமாத்திராவை அடைந்து, அங்கே ஆட்களும் பொருளும் பறிக்கப்பட்டமையைப் பின்னர் அறிந்தார். அதிற் சென்ற அடிமைப் பெண்ணொருத்தி அவருடைய குழந்தையைக் கருவில் தாங்கியிருந்தாள். அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தியும் வந்தது. மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம் அது. அப்பெண்ணின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நல்ல அறையைத் தேடியவர் பெயர் உலகெங்கும் நிற்கின்றது. அவ்வறையிலே அடைக்கப்பட்டுக் கடலோடு போனவள் பெயரற்றவளாயினாள். சரித்திரம் படிப்போர் இதனையும் கருதுக.

வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்ப அஞ்சினார். மேலைக் கரையிலே சிலகாலம் அலைந்தபின் 1343ஆம் ஆண்டில் மாலைதீவை அடைந்தார். அங்கும் காதியானார். மணங்கள் பல செய்தார். அங்குள்ள பெண்கள் உடுத்தும் முறையை மாற்றச் சட்டம் இட்டுப் பார்த்தார், சட்டம் தோற்றது. அரசியலிலே தலையிட்டார்; அமைச்சரோடு பகை வந்தது. ஒன்றரை ஆண்டளவில் அத்தீவை நீங்கி, 1344ஆம் ஆண்டிலே மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நோக்கிக் கலமேறினார். அக்கலம் வழிதவறியது. ஒன்பது நாட் கடலில் அலைந்து இலங்கைக் கரையிலே புத்தளத்தை அணுகியது.

ஈண்டுத்தான் நம் நாட்டுக்குரிய பகுதி தொடங்குகின்றது. புத்தளத் துறை அப்போது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. கலத்தின் தலைவன் அத்துறையிற் புக அஞ்சினான். அம்மன்னன் கடலிலே கொள்ளையடிக்கும் கொடியவன், அவன் துறையில் அந்நியக் கலம் பத்திரமாக நிற்காது என்று கூறினான். ஆயினும் காற்று வலுத்தது. கலம் மூழ்கும்போல் இருந்தது. பயணி தம்மைக் கரையில் இறக்கிவிடுமாறும், மன்னனிடம் தாம் அபயம் பெற்றுத் தருவதாகவும் சொன்னார். மாபார் சுல்தான் கியாசுத்தீனின் மனைவியும், இவர் தில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தவர். சுல்தானுக்கு இவர் சகலன். அவ்வுறவைச் சொல்லிக்கொண்டே இவர் மன்னன்முன் சென்றார்.

மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறு நகரம் அது. கடற்கரை நெடுகிலும் வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் குன்றுபோற் குவிந்து கிடந்தன. சோழமண்டலத்தாரும் மலையாளத்தாரும் அவற்றை எடுத்துச்சென்று, கைம்மாறாக மன்னனுக்குத் துணிமணி கொடுத்தனர். மன்னன் அவரை எழுந்து வரவேற்றான், அருகில் இருத்தினான், இன்மொழி பேசினான். அவருடைய கூட்டாளிகள் அச்சமின்றி இறங்கலாம் என்றும், மாபார் சுல்தானுக்கும் தனக்கும் நட்பு உண்டு என்றும் கூறினான். மூன்று நாள் விருந்து நடந்தது. நாளுக்கு நாள் மரியாதை கூடியது.

அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்று இபுனு பதூதா எழுதுவித்துள்ளார். இச்செய்தி சிறியதன்று. பாரசீகம் அக்காலத்துக் கடல் வணிகருக்குப் பொதுமொழிபோல் இருந்தது. 1409ஆம் ஆண்டிற்குரிய காலிக் கல்வெட்டை நினைக்க. சீனக் கடற்படைத் தலைவன் செங் கோ இலங்கைக்குக் கொணர்ந்த அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1911ஆம் ஆண்டிற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல் அது. தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் நிற்றற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, அவ்விரண்டும் ஒரு தமிழ் மன்னனின் செவியிற் கூடியிருந்தன.

மன்னனின் முத்துக்குளிப்பிலே எடுத்த முத்துக்கள் ஒருநாள் அவன்முன் கொணரப்பட்டன. அலுவலர் அவற்றைத் தரம் பிரித்தனர். நீர் வந்த நாடுகளிலே முத்துக்குளிப்பைக் கண்டதுண்டோ என்று மன்னன் வினவினான். பயணி பாரசீகக் குடாவிலே தாம் கண்டதைச் சொன்னார். இவைபோன்ற முத்துக்கள் அங்கு உண்டோ என்று மன்னன் மேலும் வினவ, இவற்றுக்கு அவை ஈடாகா என்றார் பயணி. மன்னன் மகிழ்ந்து அம்முத்துக்களை அவருக்கே அளித்தான். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணமொன்றிலே அகில் எண்ணெய் வைத்திருந்ததையும் பயணி அவனிடத்தே கண்டார்.

வேண்டியதைக் கேட்க நாணவேண்டாம் என்று மன்னன் சொன்னபோது அவர் பொன்னைக் கேட்கவில்லை. ஆதிபிதா ஆதாமின் அடிச்சுவடு இருப்பதாக அவர் நம்பிய மலையைத் தரிசிக்கவேண்டும் என்றார். நாம் சிவனொளிபாதம் என்று வணங்குகின்றோம். பௌத்தர் புத்தரின் பாதம் என்று வணங்குகின்றனர். மன்னன் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் தந்தான். துணையாக யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் அனுப்பினான். சைவ மன்னன், இசுலாமிய யாத்திரிகனை, பிராமணர் துணையோடு அம்மலைக்கு வழியனுப்பினான். மலைக்குப் போன வழி ஒன்று. போனவரின் நம்பிக்கைகள் பல. இதற்கு மேல் யான் ஒன்றுஞ் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் சுவையுடையது. துறையிற் புக அஞ்சிய கலத்தலைவனை முன்னே போகுமாறு பயணி சொன்னார். அவனோ, ஓராண்டு ஆனாலும் உம்மை விட்டுப் போகேன் என்று மறுத்தான். மன்னன் அவனையும் அவன் ஆட்களையும், பயணி மீளும்வரை, தன் விருந்தினராக வைத்துக்கொண்டான். கொள்ளையன் என்று அஞ்சியவன் வீட்டிலே அவன் பலநாள் உண்டான்.

அங்ஙனமாயின் அந்தக் கொள்ளையன் என்னும் பெயர் பொய்யோ? அதனை முற்றாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. பின்னர் மாபார் கரையிலே, சிறிதும் பெரிதுமாக நூறு கலங்கள் இம்மன்னனுடையவை வந்து நின்றதைக் கண்டதாகவும், யேமனுக்குச் செல்லவிருந்த சுல்தானின் எட்டுக் கலங்களைக் காக்கச் சுல்தான் படை திரட்டியதாகவும், யேமனுக்குச் செல்லும் தம் கலங்களின் காவலுக்கே வந்தோம் என்று மன்னன் ஆட்கள் சொன்னதாகவும் அவரே கூறுகின்றார். கடலில் வலியவன் கலங்களுக்குக் காவலனும் ஆவான், அச்சமும் ஆவான். ஒரே மன்னன் ஒருவனுக்குக் கள்வனாகவும் இன்னொருவனுக்கு வள்ளலாகவும் தோன்றினான். பயணி இரண்டையும் மறையாமற் கூறினார். நாமும் இரண்டையும் மறையாமற் படித்தல் வேண்டும். இவன் மார்த்தாண்ட சிங்கையாரியன் ஆகலாம் என்பது வரலாற்றறிஞர் பலர் கருத்து.

மலையை நோக்கிய வழியிலே சிலாபத்தைக் கண்டார். காட்டிலே அட்டைக்கடி பட்டார். மலையிலே கட்டியிருந்த இருப்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறினார். முகில்கள் தமக்குக் கீழே நிற்பதைக் கண்டார். தென்கரையில் இறங்கித் தேனாவரம் என்னும் தெய்வத்துறையை அடைந்தார். ஆயிரம் பிராமணரும் யோகிகளும் தொண்டு செய்த பெருங்கோயிலை அங்கே கண்டார். காலிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி போற்றுவது அத்தேனாவரை நாயனாரையே. அக்கோயிலை 1588ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அழித்தனர். காலியையும் கொழும்பையும் கண்டு, இலங்கையிலே அழகிய பெருநகரம் கொழும்பு என்று மதிப்பிட்டுப் புத்தளம் மீண்டார். இக்காலத்து உல்லாசக் கப்பல் நம் தீவைச் சுற்றுகின்றதே, அதிற் பாதியை அவர் காலாலும் பல்லக்காலும் சுற்றிவிட்டார்.

புத்தளத்திலிருந்து புறப்பட்ட கலம் சோழமண்டலக் கரையை அடையுமுன் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மாலுமிகள் மரங்களைப் பிணைத்து மிதவை செய்தனர். பயணி தம்மோடு வந்தோரை முன்னே அனுப்பிவிட்டு, உடைந்த கலத்தின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார். மறுநாள் அக்கரையில் வாழ்ந்தோர் படகோடு வந்து அவரை மீட்டனர். அவர்கள் மதத்தால் அவருக்கு வேற்றார். ஆயினும் மூழ்குகின்றவனிடம் அவர்கள் மதம் விசாரிக்கவில்லை.

சகலனாகிய கியாசுத்தீனின் ஆட்சியிலே அவர் கண்டது கொடுமை. போரிலே பிடிபட்ட ஆடவரோடு பெண்களையும் குழந்தைகளையும் அச்சுல்தான் கொன்றான். தம் உறவினன், தம் சமயத்தான், தமக்கு விருந்தளித்தவன் என்று பாராது, அச்செயலைக் கண்டித்தே அவர் எழுதுவித்தார். மதுரையிலே கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானும் விரைவில் இறந்தான். பயணி கொல்லம் சென்று மீண்டும் கலமேறினார். மேலைக் கரையருகே பன்னிரண்டு கொள்ளைக் கலங்கள் அவருடைய கலத்தைச் சூழ்ந்தன. உடுத்த காற்சட்டை நீங்கலாக யாவும் போயின. ஆரியச்சக்கரவர்த்தி அளித்த முத்துக்களும் போயின. முன்னர் புகாரா நகரிலே அறிஞர் கல்லறைகளிற் கண்டு பெயர்த்தெழுதி வைத்திருந்த குறிப்புக்களும் கடற்கொள்ளையிற் போயின.

அதன் பின்னும் அவர் நிற்கவில்லை. வங்காளம், சுமாத்திரா வழியாகச் சீனத்துச் சைத்தூன் துறையை, இன்றைய குவான்சோவை, அடைந்தார். மீண்டுவரும் வழியிலே தமாஸ்கசில், தந்தையார் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின என்று அறிந்தார். 1348ஆம் ஆண்டின் கருங்கொள்ளைநோய் அப்போது நகரங்களை வெறுமையாக்கிக்கொண்டிருந்தது. 1349ஆம் ஆண்டில் தாய்நாட்டை அடைந்தபோது, தாயாரும் அந்நோயினால் இறந்த செய்தி வீட்டை எட்டுமுன்னே வழியில் எதிர்ப்பட்டது. பின்னர் ஸ்பானியாவின் கிரானடாவையும், பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டையும் கண்டார். அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீற்றர் என்று மதிப்பிடுவோர் உளர்.

பொருள் யாவும் இழந்த அம்மனிதரிடம் எஞ்சியது நினைவு. மொறொக்கோ சுல்தான் அபூ இனான் அதன் விலையை அறிந்தான். கண்டதனைத்தையும் சொல்லுமாறு பயணியைப் பணித்தான். எழுதுமாறு இபுனு ஜுசை என்னும் அறிஞரைப் பணித்தான். 1355ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அந்நூல் முற்றுப்பெற்றது. பயணி சிறிய ஊரொன்றிலே காதியாக இருந்து, 1368 அல்லது 1369இல் இறந்தார்.

அவர் சொன்னவற்றை அரசவையிலே பலர் நம்பவில்லை. வரலாற்று மேதை இபுனு கல்தூன் இதனைக் குறிப்பிட்டு ஒரு கதையையும் கூறுகின்றார். ஓர் அமைச்சன் சிறையிடப்பட்டான். அவன் மகன் சிறையிலேயே வளர்ந்தான். தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று மகன் கேட்டான். ஆடு என்றான் தந்தை. அதன் உருவத்தையும் விளக்கினான். அப்படியானால் அஃது எலி போன்றதோ என்றான் மகன். சிறையிலே அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே. தான் காணாததைப் பொய்யென்று தள்ளுதல் இத்தன்மைத்து. நம்மூரில் இதற்குக் கிணற்றுத் தவளை என்று பெயர். அந்நூலிலே மறதியும், கேட்டறிந்தவையும் கலந்துள்ளன என்பதை இக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். சீனப் பகுதியை ஐயுறுவாரும் உளர். இவ்வையங்கள் நூலைக் கவனத்தோடு படிக்கச் செய்வன. தள்ளிவிடச் செய்வன அல்ல. 1853 முதல் 1858 வரை பாரிசிலே பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அச்சேறிய பின்னரே உலகம் அதனை நன்கு அறிந்தது.

இனி நம் பக்கம் வருவோம். யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் காலமாகிய 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அஃது அரிய நூல். ஆயினும் நிகழ்ந்தவற்றுக்கு நெடுங்காலம் கழிந்தபின் எழுந்தது. மன்னன் முத்துக்களைப் பார்த்திருந்த காட்சியையும், அவன் விருந்தினனை இருத்திய வகையையும், அவன் விளங்கிக்கொண்ட வேற்றுமொழியையும் அருகிருந்து கண்டு சொன்னவர், தாஞ்சியரிலிருந்து வந்த ஓர் அந்நியர். நம் அரசவையில் இருந்த புலவரும் கணக்கரும் எழுதிய ஏடுகள் எத்தனையோ! அவை கறையானுக்கும் போருக்கும் இரையாயின. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்பினோம். ஒரே பிரதியாய் இருந்த ஏட்டை எங்ஙனம் எழுப்புவது?

கொள்ளைபோன குறிப்புக்களுக்காக இபுனு பதூதா அழுதுகொண்டிருக்கவில்லை. நினைவில் நின்றதைச் சொன்னார்; ஒருவர் எழுதினார்; அரசன் அதற்கு ஆதரவளித்தான். மூவர் கூடிச் செய்த காரியம் அது. நம்மிடத்தே சொல்லத்தக்கோர் இல்லையோ? வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், நம்மூர் மாலுமிகளோடு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அக்கரையிலே காற்றையும் நட்சத்திரத்தையும் அறிந்த கடலோடிகளின் பேரர் இன்றும் வாழ்கின்றனர். போரினால் நாடுவிட்டு நாடு சென்றோர், ஒவ்வொருவரும் ஒரு பெரும் பயணத்தை நெஞ்சிலே சுமக்கின்றனர். அவர்களுட் பலர் முதுமை எய்திவிட்டனர். சொல்வார் உளர். எழுதுவார் எங்கே?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வழக்கமான கட்டுரைத் தலைப்புக்களைக் கொடாமல், வீட்டிலுள்ள முதியோர் ஒருவர் சென்ற பயணத்தைக் கேட்டு எழுதிவருமாறு மாணவர்க்குப் பணியுங்கள். எத்துறையில் ஏறினார், எக்கலம், உடன் சென்றோர் யாவர், எதை இழந்தார், யார் உணவு கொடுத்தார் என்பனவற்றை ஆண்டோடும் ஊரோடும் எழுதட்டும். எழுதியதில் ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி பாடசாலையிலும், ஒரு பிரதி பிறிதோர் ஊரிலும் இருக்கட்டும்.

காங்கேசன்துறையில் உல்லாசக் கப்பல் வந்திறக்கும் பயணிகள் நல்லூரையும் கோட்டையையும் கண்டு மகிழ்ந்து செல்லட்டும். அவர்களை நாம் ஆரியச்சக்கரவர்த்தியைப்போல் உபசரிப்போம். அவர்களுள் எவரேனும் நம்மைப்பற்றிக் கண்டதை எழுதுதலும் கூடும். ஆயினும் அடுத்த எழுநூறு ஆண்டுக்கும் நம் சரித்திரத்தை அந்நியர் ஒருவரின் நினைவிலே விட்டுவைத்தல் நமக்கு அழகன்று.